முள் பச்சையில்தான் இருந்தது: மூன்று இடங்களுக்குத் தீயணைப்பான் வாங்கிய அனுபவம்

போன மார்கழியில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம், பழைய வண்ணாரப்பேட்டையில் இருக்கும் எங்கள் தையல் கூடத்தில் மூன்றாவது மெஷினின் மோட்டாருக்குப் போகும் ஒயர் பொறி தட்டியது. மெஷினுக்கு அடியில் வாரக்கணக்காகச் சேர்ந்திருந்த பஞ்சுத் தூசியும் மெஷின் எண்ணெயும் பற்றிக்கொண்டன. முதலில் தீ ஒரு முழம்கூட இல்லை. ஓவர்லாக் போடும் அக்கா ஓடிப்போய்ச் சுவரில் தொங்கிய சிவப்பு சிலிண்டரை எடுத்தார். பின்னைப் பிடுங்கிக் கைப்பிடியை அழுத்தினார். புஸ்ஸென்று காற்று வந்தது. ஒரு பிடி வெள்ளைத் தூள் விழுந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை.

மெயினை ஆஃப் செய்துவிட்டு, குடிக்க வைத்திருந்த இரண்டு குடம் தண்ணீரை ஊற்றி அணைத்தோம். ஒரு மெஷின் போனது. தைத்து அடுக்கியிருந்த பதினெட்டு நைட்டி போனது. யாருக்கும் காயம் இல்லை. ஆனாலும் அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. கூடத்தின் பின்பக்கம் சீலிங் வரைக்கும் துணி பேல் அடுக்கியிருக்கிறது. மாடியில் அம்மாவும் பிள்ளைகளும் படுத்திருக்கிறார்கள். இறங்குவதற்கு இருப்பது ஒரே படிக்கட்டு.

அந்த சிலிண்டர் 4 கிலோ ஏபிசி பவுடர். வருஷத்துக்கு ஒரு தடவை ஒருவர் வந்து, சர்வீஸ் ஆகிவிட்டது என்று தேதி போட்ட ஸ்டிக்கரை ஒட்டிவிட்டுப் பணம் வாங்கிப் போவார். கடைசி ஸ்டிக்கர் ஒட்டி நாலு மாதம்தான் ஆகியிருந்தது. ஒவ்வொரு தடவையும் மேலே இருக்கும் அழுத்த மீட்டரை, அதாவது கேஜைக் காட்டி, "முள்ளு பச்சையில நிக்குது பாருங்க" என்பார். நானும் பார்ப்பேன். பச்சையில்தான் நிற்கும்.

திங்கட்கிழமை அதைத் தூக்கிக்கொண்டு பாரிமுனைக்குப் போனேன். லிங்கிச் செட்டித் தெருவில் தீயணைப்புச் சாமான் விற்று, ரீஃபிலும் செய்து தருகிற ஒரு கடை. அங்கிருந்த மெக்கானிக் முதலில் மிச்சமிருந்த காற்றை வெளியே விட்டார், அப்புறம் வைஸில் பிடித்து மேல் வால்வைக் கழற்றினார். இதை வீட்டில் யாரும் செய்து பார்க்கவே கூடாது. நிரம்பிய தீயணைப்பான் பாட்டிலுக்குள் 15 பார் அழுத்தம் இருக்கும். கார் டயரில் இருப்பதைப் போல ஆறேழு மடங்கு.

உள்ளே டார்ச் அடித்துக் காட்டினார். நல்ல பவுடர் மைதா மாவை விட நைசாக இருக்கும், பாத்திரத்தைச் சாய்த்தால் தண்ணீர் மாதிரி ஓடும். இங்கே அது மழையில் நனைந்து காய்ந்த உப்பு மூட்டையைப் போல ஒரே பாளமாக இறுகிக் கிடந்தது. நடுவில் குழாய் இறங்கும் இடத்தில் மட்டும் விரல் பருமனுக்கு ஒரு பொந்து. அக்கா அழுத்தியபோது உள்ளிருந்த காற்றெல்லாம் அந்தப் பொந்து வழியாகவே தப்பித்துப் போயிருக்கிறது. பவுடர் இருந்த இடத்தை விட்டு அசையவே இல்லை. ஸ்க்ரூடிரைவரால் குத்தினார். சுண்ணாம்புக் காரை போலக் கட்டி கட்டியாகப் பெயர்ந்தது.

காரணத்தையும் சொன்னார். பவுடர் பாட்டிலில் ஈரமில்லாத நைட்ரஜனைத்தான் ஏற்ற வேண்டும். சாதாரண கம்ப்ரஸர் காற்றை ஏற்றினால் அதோடு ஈரமும் உள்ளே போகும். ஏபிசி பவுடரில் முக்கியமான சரக்கு மோனோ அம்மோனியம் பாஸ்பேட். அது ஈரத்தை இழுத்துக் கட்டி தட்டும். எங்கள் பக்கம் கடல் காற்று வேறு. கேஜ் காட்டுவது அழுத்தத்தை மட்டும்தான், பவுடர் எந்த நிலையில் இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. இத்தனை வருஷமாக அந்த முள்ளை மட்டும் பார்த்துவிட்டு நான் நிம்மதியாகக் கதவைப் பூட்டியிருக்கிறேன்.

என்ன எரியும்?

புது பாட்டில் கேட்டேன். மெக்கானிக் உடனே எடுத்துக் கொடுக்கவில்லை. "உங்க எடத்துல என்னாம்மா எரியும், அத மொதல்ல சொல்லுங்க" என்றார். துணி என்றேன். "துணி மட்டுந்தானா?" என்று திருப்பிக் கேட்டார். எனக்கு உடனே பதில் வரவில்லை.

வீட்டுக்கு வந்து ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு கூடம் முழுக்க நடந்தேன். துணி, அட்டைப் பெட்டி, பாலிதீன் கவர், மெஷின் எண்ணெய், மீட்டர் போர்டு, அயர்ன் பாக்ஸ், படிக்கட்டுக்கு அடியில் சார்ஜ் போட்டிருக்கும் என் மகளின் எலெக்ட்ரிக் ஸ்கூட்டர். பட்டியல் ஒரு பக்கத்தைத் தாண்டியது. கல்மண்டபம் பக்கம் தம்பி அத்தோ கடை, அதாவது பர்மா நூடுல்ஸ் கடை, வைத்திருக்கிறான். காசிமேட்டில் மாமா, அதாவது என் கூடப்பிறந்த அக்காவின் வீட்டுக்காரர், ஃபைபர் படகுப் பட்டறை நடத்துகிறார். அங்கேயும் போய் எழுதினேன். மூன்று இடத்திலும் தொங்கியது ஒரே சரக்கு, 4 கிலோ ஏபிசி.

நம் நாட்டில் எரியும் பொருளை வைத்துத்தான் தீயைப் பிரிக்கிறார்கள். மரம், காகிதம், துணி மாதிரி எரிந்து தணலாகும் பொருட்கள் ஏ. டீசல், பெட்ரோல், தின்னர் மாதிரி திரவங்கள் பி. கேஸ் என்றால் சி. இந்த மூன்றுக்கும் சேர்த்து வருவதுதான் ஏபிசி பவுடர். மெக்னீசியம், அலுமினியத் தூள் மாதிரி உலோகங்கள் டி. சமையல் எண்ணெய் தனி வகை. அதற்குச் சில லேபிளில் எஃப் என்றும் சிலவற்றில் கே என்றும் போட்டிருக்கும், இரண்டும் ஒன்றுதான்.

மின்சாரத்துக்கு இங்கே தனி எழுத்து கிடையாது. என் மகள் பார்த்த ஒரு அமெரிக்க வீடியோவில் சி என்றால் மின்சாரத் தீ என்று சொன்னார்கள். அந்த நாட்டு முறையில் அது சரி, நம் லேபிளில் சி என்றால் கேஸ். இந்தக் குழப்பத்தோடு கடைக்குப் போனால் தவறான பாட்டிலோடு திரும்புவோம். கரண்ட் பற்ற வைக்கும், எரிவது ஒயர் மேல் இருக்கும் பிளாஸ்டிக்கும் பக்கத்தில் கிடக்கும் துணியும்தான். மெயினை ஆஃப் செய்துவிட்டால் அது சாதாரண ஏ வகைத் தீ. ஆஃப் செய்ய முடியாத நிலையில் கரண்டைக் கடத்தாத பவுடரோ கார்பன் டை ஆக்சைடோதான் வேண்டும்.

தையல் கூடம்

ஏபிசி பவுடர் துணித் தீயை அணைக்காதா என்றால், அணைக்கும். சூட்டில் உருகி, எரியும் பொருள்மேல் பூச்சு மாதிரி படியும். சுவாலை சட்டென்று அடங்கிவிடும். ஆனால் என்னிடம் இருப்பது இறுக்கிக் கட்டிய பேல். நெருப்பு அதற்குள் நுழைந்துவிட்டால் பவுடரால் பின்னாலேயே போக முடியாது. பவுடர் பெரிதாகக் குளிர்விப்பதும் இல்லை. வெளியே அணைந்ததுபோலத் தெரியும், உள்ளே கனன்றுகொண்டே இருக்கும், நாம் கதவைச் சாத்திவிட்டுப் போன பிறகு மறுபடி பற்றும்.

ஏப்ரல் 14இல் தொடங்கி ஒரு வாரம் தீத்தொண்டு வாரம் கொண்டாடுகிறார்களே, அதன் பின்னால் இருப்பதும் ஒரு பேல் தீதான். 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய் துறைமுகத்தில் ஃபோர்ட் ஸ்டிகின் என்ற சரக்குக் கப்பல் வெடித்தது. அதில் வெடிமருந்தும் பருத்திப் பேல்களும் சேர்ந்தே இருந்தன. தீ எங்கே கனல்கிறது என்று கண்டுபிடிக்க முடியாமல் தண்ணீரை அடித்துக்கொண்டே இருந்தார்கள். கப்பல் வெடித்தபோது தீயணைப்பு வீரர்கள் மட்டும் 66 பேர் இறந்தார்கள். இதைத் தெரிந்துகொண்ட பிறகு என் கூடத்தின் பின்சுவரை நான் பழையபடி பார்க்க முடியவில்லை. அதுவரை ஒன்றோடொன்று ஒட்டி அடுக்கியிருந்த பேல்களுக்கு நடுவே ஆள் நுழையும் அளவுக்கு இடம் விட்டு மாற்றி அடுக்கினோம். சரக்கு கொள்ளவில்லைதான். நாலு பேலைத் தறிக்காரரிடமே விட்டு வைத்திருக்கிறேன்.

தணலைக் கொல்வது தண்ணீர். அதனால் இங்கே முதல் பாட்டில் தண்ணீர் பாட்டில் என்று முடிவானது. கடையில் முதலில் காட்டியது 9 லிட்டர். பாட்டிலோடு சேர்த்து அது பதினாலு பதினைந்து கிலோ வரும். நான் ஓவர்லாக் அக்காவைக் கையோடு கூட்டிப் போயிருந்தேன், அவரையே தூக்கிப் பார்க்கச் சொன்னேன். தூக்கினார், ஆனால் ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறு கையால் ஹோஸைத் திருப்ப முடியவில்லை. அதனால் 6 லிட்டரில் இரண்டு வாங்கினேன். வேலை செய்கிறவர்கள் எல்லாரும் ஐம்பது வயதை ஒட்டின பெண்கள். அவர்களால் தூக்க முடியாத பாட்டில் சுவரில் இருந்தும் பயனில்லை.

மீட்டர் போர்டு வாசலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதற்கு 2 கிலோ கார்பன் டை ஆக்சைடு. கடைக்காரர்கள் சி.ஓ.டூ என்றுதான் சொல்வார்கள். அடித்த பிறகு ஒரு துளி மிச்சம் இருக்காது, மெஷின் மோட்டாரும் சர்க்யூட்டும் வீணாகாது. பவுடர் அப்படி இல்லை. சந்து பொந்தெல்லாம் நுழைந்து, ஈரத்தில் உலோகத்தை அரிக்கும். ஆனால் சி.ஓ.டூவுக்கு என்று சில குணங்கள் உண்டு. கிட்டே போய், ஒன்றரை இரண்டு மீட்டரில் நின்று அடிக்க வேண்டும். திறந்த வெளியில் காற்று அதை அள்ளிக்கொண்டு போய்விடும். சின்ன அறைக்குள் அடித்தால் நமக்கே மூச்சு முட்டும், அடித்ததும் வெளியே வந்துவிட வேண்டும். வாய்ப்பகுதியில் இருக்கும் கறுப்பு ஹார்னைக் கையால் பிடிக்கவே கூடாது. வெளியே வரும் வாயு ஐஸ் துகளாக மாறும் அளவுக்குக் குளிர், தோல் ஒட்டிக்கொண்டு வெந்துபோகும். இதில் கேஜும் கிடையாது. எடை போட்டுத்தான் பார்க்க வேண்டும். காலி எடையும் நிரம்பிய எடையும் பாட்டிலிலேயே பதித்திருக்கும். 2 கிலோ வாயுவில் 200 கிராமுக்கு மேல் குறைந்தால் ரீஃபிலுக்கு அனுப்ப வேண்டும். எங்களிடம் துணி எடை போடும் தராசு இருப்பது இதற்கு வசதியாகப் போனது. வாங்கிய அன்றே கடையிலும் ஒரு தடவை எடை போடச் சொல்லி, பிறகு வீட்டிலும் போட்டுப் பார்த்தேன். இரண்டும் ஒத்துப்போயின.

ஸ்கூட்டருக்கு எந்த பாட்டில் என்று கேட்டதற்கு மெக்கானிக் கையை விரித்தார். லித்தியம் பேட்டரி உள்ளுக்குள் சூடேறி எரிய ஆரம்பித்தால் ஒரு செல் பக்கத்து செல்லைப் பற்ற வைத்துக்கொண்டே போகும். பவுடர் அடித்தால் மேலே இருக்கும் சுவாலை அடங்கலாம், உள்ளே சூடு குறையாது, திரும்பத் திரும்பப் பற்றும். நிறைய தண்ணீர் ஊற்றிக் குளிர்வித்துக்கொண்டே இருக்க வேண்டும். அது நம் கையில் இருக்கும் ஆறு லிட்டரில் நடக்கிற காரியம் இல்லை. வரும் புகையும் விஷம். நான் அதைப் படிக்கட்டுக்கு அடியில், வீட்டுக்கு இருக்கும் ஒரே வழியில், ராத்திரி முழுக்கச் சார்ஜ் போட விட்டிருந்தேன். மறுநாளே எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு வெளி வராந்தாவில் பிளக் பாயின்ட் வைத்தாயிற்று. சார்ஜ் பகலில், ஆள் விழித்திருக்கும்போது மட்டும்.

தம்பியின் அத்தோ கடை

அத்தோவுக்கு நூடுல்ஸ் அவிக்கும் அடுப்பு ஒன்று, பேஜோ பொரிக்கும் எண்ணெய்ச் சட்டி ஒன்று, 19 கிலோ கேஸ் சிலிண்டர் ஒன்று. தள்ளுவண்டிதான். பவுடர் பாட்டிலை சிலிண்டருக்குப் பக்கத்திலேயே வண்டிக்கு அடியில் கம்பியால் கட்டி வைத்திருந்தான். "எங்க எரியுமோ அங்கதான வைக்கணும், க்கா?" என்று கேட்டான். வண்டியின் அந்தப் பக்கம் எரிந்தால் எப்படிக் குனிந்து எடுப்பாய் என்று கேட்டேன். யோசித்துவிட்டு அவனே கம்பியை அவிழ்த்தான். இப்போது பாட்டில் வண்டியின் மறு முனையில், தட்டு கழுவும் பக்கம், எட்டி எடுக்கிற மாதிரி தொங்குகிறது.

எண்ணெய்ச் சட்டி விஷயத்தில்தான் அவனோடு ரொம்ப நேரம் பேச வேண்டியிருந்தது. கொதிக்கும் எண்ணெய் அளவுக்கு மீறிச் சூடாகிவிட்டால் நெருப்பு படாமலே தானாகப் பற்றிக்கொள்ளும். அப்படிப் பற்றிய எண்ணெயில் தண்ணீர் விழுந்தால், எண்ணெயை விட கனமானது என்பதால் அடிக்குப் போய், அங்கேயே ஆவியாகும். தண்ணீர் ஆவியானால் சுமார் 1,700 மடங்கு விரியும். அவ்வளவும் எரியும் எண்ணெயைத் தூக்கிக்கொண்டு மேலே வரும். ஒரு டம்ளர் தண்ணீரே போதும். ஈரச் சாக்கைப் போடுவேன் என்றான். கேஸ் சிலிண்டரின் வாயில் எரியும் தீக்கு ஈரச் சாக்கு சரி, போர்த்திவிட்டு வால்வை மூடலாம். எண்ணெய்ச் சட்டிமேல் அதைப் போட்டால் சாக்கிலிருந்து சொட்டுகிற தண்ணீரே ஆபத்து.

ஏபிசி பவுடர் இங்கே இரண்டு விதத்தில் பொருந்தாது. அது வேகமாகச் சீறி வருவதால் எண்ணெயை வெளியே சிதறடிக்கும். சுவாலை அடங்கினாலும் எண்ணெய் சூடாகவே இருக்கும், பவுடர் கலைந்ததும் திரும்பப் பற்றும். சமையல் எண்ணெய்க்கென்று இருக்கும் கே வகை பாட்டிலில் பொட்டாசியம் உப்புக் கரைசல் இருக்கிறது. நீளமான குழாய் வழியாக அது மெல்லிய சாரலாகத்தான் விழும். சூடான எண்ணெயோடு சேர்ந்து சோப்பு நுரை மாதிரி மேலே ஒரு படலம் கட்டும். வீட்டில் சோப்பு காய்ச்சும்போது நடக்கிற அதே வேதியியல்தான். காற்றும் போகாது, எண்ணெயும் ஆறும்.

விலைதான் தம்பியைத் தயங்க வைத்தது. ஏபிசியை விடப் பல மடங்கு. கடைசியில் 2 லிட்டர் கே ஒன்று வாங்கினோம், பாதிப் பணம் நான் போட்டேன். ஏபிசியையும் புதிதாக நிரப்பி வைத்துக்கொண்டான், கேஸுக்கும் வண்டிப் பலகைக்கும் அது வேண்டும். ஆனால் முதல் ஆயுதம் இரண்டுமே இல்லை. சட்டியை முழுசாக மூடுகிற ஒரு இரும்புத் தட்டை அவன் பட்டறையில் சொல்லிச் செய்து கொண்டுவந்தான், நீளக் கைப்பிடியோடு. பற்றினால் அடுப்பை மூடு, தட்டைச் சாய்த்துப் போர்த்து, ஆறும் வரை திறக்காதே. இதைக் கடைப் பையனுக்கும் மூன்று தடவை செய்து காட்டினோம், வெறும் சட்டியில்.

கேஸைப் பற்றி ஒன்று. எரிந்துகொண்டிருக்கும் கேஸ் கசிவை வால்வை மூடாமல் அணைத்துவிட்டால், கேஸ் தொடர்ந்து வெளியே வரும். எல்.பி.ஜி. காற்றை விட கனம். தரையோடு படர்ந்து, பக்கத்து டீக்கடை அடுப்பு வரைக்கும் போய், அங்கிருந்து பற்றிக்கொண்டு திரும்பும். முடிந்தால் முதலில் வால்வை மூட வேண்டும். பாட்டில் எதற்கு என்றால், வால்வுக்குக் கை போகிற வழியை உண்டாக்கிக்கொள்ளத்தான்.

காசிமேட்டுப் பட்டறை

மூன்றில் எனக்குப் பயத்தைக் கொடுத்தது இந்த இடம்தான். மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகை. ஒரு பக்கம் ஃபைபர் படகில் ஓட்டை அடைப்பார்கள், மறு பக்கம் என்ஜின் வேலை, நடுவில் சில நாள் வெல்டிங்கும் நடக்கும். நைலான் வலை, தெர்மாகோல் பெட்டி, டீசல் கேன் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில்.

ஃபைபர் வேலைக்குப் பயன்படும் பிசினில் ஸ்டைரீன் கலந்திருக்கும். 31 டிகிரியிலேயே அதிலிருந்து தீப்பற்றும் அளவுக்கு ஆவி வந்துவிடும். காசிமேட்டில் வருஷத்தில் முக்கால்வாசி நாள் அந்தச் சூடு உண்டு. கை, பிரஷ் கழுவ வைத்திருக்கும் அசிட்டோன் இன்னும் மோசம், பனிக்கட்டிக் குளிரிலேயே அதன் ஆவி பற்றும். பிசினை இறுக வைக்க ஊற்றுகிற ஹார்டனர் ஒரு பெராக்சைடு. தனக்கு வேண்டிய ஆக்சிஜனைத் தன்னிடமே வைத்திருக்கும் பொருள் அது, அதனால் காற்றை மறைத்தால் மட்டும் அணைந்துவிடும் என்று நம்ப முடியாது. 2020 ஆகஸ்டில் பெய்ரூத் துறைமுகம் வெடித்ததும், மணலிப் பக்கம் கிடங்கில் கிடந்த சுமார் 700 டன் அம்மோனியம் நைட்ரேட்டை அவசரமாக ஹைதராபாத்துக்கு அனுப்பினார்களே, அதுவும் ஆக்சிஜனைச் சுமந்திருக்கும் இதே குணம் உள்ள சரக்குதான்.

அந்த ஹார்டனரும் கோபால்ட் என்று அவர்கள் சொல்கிற ஊதா நிறத் திரவமும் நேரடியாகக் கலந்தால் தீப்பற்றும், வெடிக்கவும் செய்யும். ஒன்றைப் பிசினில் நன்றாகக் கலந்த பிறகுதான் மற்றதை ஊற்ற வேண்டும். மாமாவுக்கு இது அத்துப்படி. ஆனால் இரண்டு கேனும் ஒரே தட்டில், ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்தபடி இருந்தன. "இருபது வருசமா இப்படித்தான் இருக்குதும்மா" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. என் கூடத்துக் கரிந்த மெஷினின் போட்டோவை போனில் காட்டினேன். அன்று சாயங்காலமே கோபால்ட் கேன் கொட்டகையின் மறு கோடிக்குப் போனது. பிசின் தோய்ந்த துணியையும் மிச்சப் பிசினையும் மூலையில் குவிப்பதும் நின்றது, இறுகும்போது அது தானாகவே சூடேறும். இப்போது தண்ணீர் ஊற்றிய தகர டின்னில் போட்டு வெளியே வைக்கிறார்கள்.

பாட்டில் தேர்வு இங்கே எளிதாக இல்லை. டீசல், பிசின் இரண்டும் பி வகை. நுரை பாட்டில் நல்லது, திரவத்தின்மேல் போர்வை மாதிரி படிந்து திரும்பப் பற்றாமல் தடுக்கும். ஆனால் அசிட்டோன் சாதாரண நுரையைத் தின்றுவிடும். அது தண்ணீரோடு கலக்கும் திரவம், நுரையில் இருக்கும் தண்ணீரை இழுத்துக்கொள்ளும், நுரை உடைந்துபோகும். ஆல்கஹாலைத் தாங்கும் நுரை என்று தனியாக உண்டு. கடையில் அன்று அது இல்லை. ஓடுகிற டீசலுக்கும், ஆஃப் செய்யாத கரண்டுக்கும், காற்றடிக்கும் இடத்துக்கும் ஓரளவு ஈடுகொடுப்பது பவுடர்தான். அதனால் 9 கிலோ ஏபிசி ஒன்று, 9 லிட்டர் நுரை ஒன்று, இரண்டு வாளி மணல். அசிட்டோனை ஒரு நாளைக்கு ஒரு லிட்டருக்கு மேல் கொட்டகைக்குள் கொண்டுவருவதில்லை என்று மாமாவே சொன்னார். இங்கே ஆட்கள் மீன் கூடை தூக்கிப் பழகினவர்கள், 9 கிலோ பாட்டில் அவர்களுக்குச் சுமை இல்லை.

பழைய 4 கிலோ பாட்டில் அங்கே மிச்சமிருந்தது. ரீஃபிலுக்கு அனுப்பும் முன் அதையே பயிற்சிக்கு எடுத்துக்கொண்டோம். வெளியே மணலில் ஒரு பழைய தகரத் தட்டில் அட்டையும் கொஞ்சம் டீசலும் போட்டுப் பற்ற வைத்தோம். பக்கத்தில் தண்ணீர் வாளி, மணல், மூன்று ஆட்கள். முதலில் அடித்த பையன் கடலைப் பார்த்து நின்றான், காற்று அவன் முகத்துக்கு நேராக. பவுடர் முழுக்க அவன்மேலேயே திரும்பியது, ஐந்து விநாடி வீண். இரண்டாவது ஆள் காற்று முதுகில் படும்படி நின்றான், ஆனால் சுவாலையின் உச்சியைப் பார்த்து அடித்தான். தீ அசையவில்லை. நான் வாங்கி, தட்டின் விளிம்பில், எரியும் அடிப்பகுதியில், பெருக்குகிற மாதிரி இடமும் வலமுமாக அடித்தேன். அணைந்தது. அதோடு பாட்டிலும் தீர்ந்தது. மொத்தம் பத்துப் பன்னிரண்டு விநாடிதான் இருக்கும். சுவரில் தொங்கும்போது அது எவ்வளவு பெரிதாகத் தெரிந்ததோ, கையில் பிடித்து அழுத்தும்போது அவ்வளவு சின்னதாக இருந்தது.

இதில் இன்னொன்றும் தெரிந்தது. பவுடர் பாட்டிலை ஒரே ஒரு விநாடி அழுத்தினாலும் திரும்ப நிரப்பித்தான் மாட்ட வேண்டும். வால்வில் தூள் சிக்கி, அழுத்தம் மெல்ல மெல்லக் கசிந்துவிடும்.

மாட்டியதும் பார்ப்பதும்

வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஐ.எஸ். 15683 என்ற எண்ணும் லேபிளில் இருக்கிறதா என்று பார்த்தேன். அதோடு 2ஏ, 21பி மாதிரி ஒரு மதிப்பீடு போட்டிருக்கும். எண் பெரிதாக ஆக, அணைக்கக்கூடிய தீயும் பெரிது. ஒரே 4 கிலோவில் இரண்டு பாட்டில் வெவ்வேறு மதிப்பீட்டோடு இருந்தன. உள்ளே இருக்கும் பவுடரின் தரம்தான் காரணம். எடையை மட்டும் பார்த்து வாங்கியிருந்தால் எனக்கு அந்த வித்தியாசம் தெரிந்திருக்காது. தயாரித்த வருஷத்தையும் பார்த்தேன். பவுடர், தண்ணீர், நுரை பாட்டில்களுக்கு ஆயுள் 10 வருஷம், சி.ஓ.டூவுக்கு 15. நடுவில் பாட்டிலின் பலத்தை அழுத்தம் ஏற்றிச் சோதிக்க வேண்டும், பவுடர் வகைக்கு மூன்று வருஷத்துக்கு ஒரு முறை, சி.ஓ.டூவுக்கு ஐந்து.

எல்லாவற்றையும் வெளியே போகும் வழியில் மாட்டினேன். எங்கே நின்றாலும் 15 மீட்டருக்குள் ஒரு பாட்டில் எட்ட வேண்டும் என்பது கணக்கு. எங்கள் கூடத்தில் அது தானாகவே அமைந்தது. கொக்கியைத் துணி மூட்டை மறைக்காத சுவராகப் பார்த்து, இடுப்பு உயரத்தில் அடித்தேன். காசிமேட்டில் தரையில் வைக்கவே கூடாது, உப்புக் காற்றில் அடி விளிம்பு துருப்பிடித்து உப்பிவிடுகிறது. அங்கே பிளாஸ்டிக் உறை போட்டுத் தொங்கவிட்டிருக்கிறோம்.

மூன்று இடத்திலும் 101, 112 இரண்டு எண்ணையும் பெயின்டால் பெரிதாக எழுதியாயிற்று. ஒரு பாட்டில் தீர்ந்தும் அணையவில்லை என்றால் இரண்டாவதைத் தேடக் கூடாது, எல்லாரையும் கூட்டிக்கொண்டு வெளியே வந்து போன் செய்ய வேண்டும் என்று பேசி வைத்திருக்கிறோம்.

சர்வீஸுக்கு இனி யார் வந்தாலும் என் கண் எதிரேதான் திறக்க வேண்டும், எடை போட்டுக் காட்ட வேண்டும், நைட்ரஜனா என்று கேட்பேன். பழைய ஆளுக்கு போன் போட்டு, பாட்டிலுக்குள் இருந்த பாளத்தின் போட்டோவை அனுப்பினேன். பதில் வரவில்லை.

ஒவ்வொரு மாதமும் முதல் தேதி பாட்டில் பார்க்கும் வேலையை ஓவர்லாக் அக்கா தானாகவே எடுத்துக்கொண்டார். மேலே தம்பி வீட்டுப் பிள்ளைகள் படிக்கும் அறைக்கும் ஒரு 4 கிலோ ஏபிசி வாங்கியிருந்தேன். காலையில் வந்ததும் மெஷினைத் தொடும் முன் அதை இறக்கி, தலைகீழாகப் பிடித்து, அடியில் உள்ளங்கையால் நாலு தட்டு தட்டி, காதை ஒட்டி வைத்துக்கொள்கிறார். பவுடர் சரசரவென்று இறங்குகிற சத்தம் கேட்டதும் தலையை ஆட்டிவிட்டு, அட்டையில் தேதியை எழுதிக் கையெழுத்துப் போடுகிறார். போன முதல் தேதியன்று எனக்கும் காதில் வைத்துக் காட்டினார். படியில் அரிசி மாவு கொட்டுகிற மாதிரி இருந்தது.